ஒன்றாம் வகுப்பில் இடம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

தமிழக அரசியலில் 'இடம்' என்பது சாதாரணச் சொல் அல்ல. 1951இல் அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டதற்குக் காரணங்களில் ஒன்று, சென்னை மாகாணத்து மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் பற்றிய வழக்கு. மேல்படியில் யாருக்கு எத்தனை இடம் என்று கேட்க நம்மிடம் ஒரு மொழி இருக்கிறது. கீழ்ப்படியில், ஒன்றாம் வகுப்பில், ஒரு பிள்ளை உட்கார இடம் உண்டா என்று கேட்கும் மொழி அந்த அளவுக்கு வலுப்பெறவில்லை. சென்னையின் தெற்குப் புறநகரை முன்வைத்து இந்தக் கேள்வியின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கிறேன்.

பதினான்கு வயது வரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, அதுவும் பத்து ஆண்டுக்குள் என்றது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு. கட்டடமும் ஆசிரியரும் பணமும் போதாது. இந்தப் பற்றாக்குறைக்கு 1953இல் ராஜாஜி அரசு சொன்ன பதில்: கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை இரண்டு கூறாக்கு, ஆளுக்கு மூன்று மணி நேரம் பாடம், மீதிப் பொழுதில் அப்பன் தொழிலைப் பழகட்டும். 'குலக்கல்வி' என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்தது தெரிந்த கதை. அத்திட்டம் ஓர் இடக்கணக்கும்கூட என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. அதே பெஞ்சு, அதே வாத்தியார், இரட்டிப்புப் பிள்ளைகள். இடத்தைப் பெருக்காமல் பிள்ளையின் நாளைப் பாதியாக வெட்டிச் சரிக்கட்டிய கணக்கு. யாருடைய பிள்ளையின் நாளை வெட்டலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது.

1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. 300 பேர் வசிக்கும் சிற்றூர் வரை ஓராசிரியர் பள்ளிகள் போயின. 1956இல் மதிய உணவு வந்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள். குறைகள் எத்தனையோ இருக்கட்டும். இந்தப் பதிலின் இலக்கணம் வேறு. சனம் எங்கே இருக்கிறதோ அங்கே பள்ளி போக வேண்டும்.

இந்த இலக்கணம் 2000க்குப் பிறகு சென்னையில் தலைகீழானது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டியது. பிள்ளை போன பள்ளி மாறவில்லை. பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆற்றங்கரை, கால்வாயோரச் சனங்களை, பெரும்பாலும் தலித்துகளை, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குவித்தார்கள். கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல். பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்களோடு வளர்ந்த 'புறநகர்' ஒன்று. அதே சாலையிலிருந்து உள்ளே அரசே கட்டிய புறநகர் இன்னொன்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீட்டுக்கு ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளை என்று வைத்தாலும் 15,000 வீட்டுக்கு 7,500 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 30 பேருக்கு ஓர் ஆசிரியர். அப்படியானால் 250 வகுப்பறைகள். வீடு கட்டும்போது கதவை எண்ணினார்கள். கதவுக்குப் பின்னால் இருக்கப்போகிற பிள்ளையை எண்ணுவது வேறொரு துறையின் வேலையாகிப்போனது.

எல்லைக்கோடுகளும் சேர்ந்துகொண்டன. நகரத்துக்குள் இவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளி இருந்தது. போய்ச் சேர்ந்த துரைப்பாக்கமோ அப்போது ஊராட்சி. 2011இல் மாநகராட்சி விரிந்தபோது கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே வந்தன. பெரும்பாக்கம் ஊராட்சியாகவே நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் அங்கே ஏற்றப்பட்டது கல்வியாண்டின் நடுவில். நடு ஆண்டில் வந்து நிற்கும் தாய்க்கு 'இடம் இல்லம்மா, ஜூன்ல வா பாக்கலாம்' என்பது ஒரு வாக்கியம்தான். அதற்குள் பையன் மீன்பாடி வண்டிக்கோ, அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ போய்விடலாம். 1953இல் பாதி நாள் போனது என்றால், இங்கே முழு நாளும் போகிறது. அதற்குத் திட்டம் என்ற பெயர்கூட இல்லை. ஆகவே எதிர்ப்பும் திரளவில்லை.

தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னொரு பதில் சொல்கிறது. சில பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் மிஞ்சினால் குலுக்கல். உரிமை என்ற சொல்லும் குலுக்கல் என்ற சொல்லும் ஒரே சட்டத்துக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன?

பள்ளி ஓர் ஒழுங்குபடுத்தும் நிறுவனம், அதிகாரம் உடல்களை வரிசையில் உட்கார வைக்கும் இடம் என்று ஃபூக்கோ வழியே எழுதுவது சிற்றிதழ்ப் பக்கங்களில் வழக்கம். சரியான பார்வைதான். ஆனால் அந்த வரிசைக்குக்கூட அழைக்கப்படாத உடல்களை நம் கோட்பாடு எங்கே வைக்கும்? ஒழுங்குபடுத்துவதைப் போலவே, எண்ணாமல் விடுவதும் அதிகாரம்.

களத்தில் நிற்கும் தோழர்கள் வெளியேற்றத்தை எதிர்க்கும்போது தண்ணீர், பஸ், வேலை பற்றிப் பேசுகிறார்கள்; பேச வேண்டும். அதோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். வீட்டுச் சாவி கைக்கு வருமுன், இத்தனை பிள்ளைகள், இத்தனை வகுப்பறைகள், இத்தனை ஆசிரியர்கள் என்ற பட்டியல் வர வேண்டும். அது இல்லாமல் ஒரு குடும்பமும் லாரியில் ஏற்றப்படக் கூடாது. இட ஒதுக்கீட்டுக்காகப் போராடிய மண்ணில், இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய கோரிக்கை இல்லை. கீழ்ப்படிக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டிய கோரிக்கை.