கரைப்பறவைகளும் தீவுகளின் வரலாறும்

நெய்தல் நிலத்தைப் பாடிய நம் முன்னோர், கடலையும் கழியையும் கானலையும் பாடியதோடு அமையாமல், ஆங்கு வாழும் புள்ளினங்களையும் பெயர் சுட்டிக் கூறினர். நாரை என்றும் குருகு என்றும் அன்றில் என்றும் பிரித்துரைக்க வேண்டுமாயின், அவற்றை நாள்தோறும் உற்று நோக்கிய கண் வேண்டும். அத்தகைய கண் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் கரைமீது என்று பட்டது? கண்டவற்றை எழுதி வைத்தவர் யாவர்? அதில் இங்கு வாழும் நமக்குரிய பங்கு யாது? இவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவினர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரம் இதுவே. 1862 முதல் 1864 வரை அதன் மேலாளராக இருந்த ராபர்ட் டைட்லர், ஆட்சிப் பணிக்கிடையே பறவைகளையும் சேகரித்தார். 1873-இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், நிலவியலறிஞர் ஸ்டோலிச்கா முதலியோருடன் கப்பலேறி இத்தீவுகளுக்கு வந்தார். பின்னாளில், 1885-இல், இந்திய தேசியக் காங்கிரசைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய ஹியூமே இவர். தாம் கண்டவற்றை அடுத்த ஆண்டே தம் பறவையியல் இதழில் விரிவாக வெளியிட்டார்.

அவ்வாறு அச்சிட்டது நன்றாயிற்று. 1880-களில், சிம்லா இல்லத்தில் அவர் வைத்திருந்த பல்லாண்டுக் கையெழுத்துக் குறிப்புகளை வேலையாள் ஒருவர் பழைய தாள்களாகக் கடையில் விற்றுவிட்டார். அவை மறைந்தன, அச்சேறியவை நின்றன. எழுதிப் பலர் கையில் சேர்க்காத அறிவு எத்துணை எளிதில் அழியும் என்பதற்கு இது சான்றாகும்.

விடுதலைக்குப் பின்னர், ஹுமாயூன் அப்துலலி இத்தீவுகளுக்கு வந்து ஆய்ந்தார். அவருடைய பட்டியல்கள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1960-களில் வெளிவந்தன. டைட்லர் ஈராண்டு இருந்தார். ஹியூமும் அப்துலலியும் பயணிகளாக வந்து மீண்டனர். அவர்கள் தொண்டு பெரிது. ஆயினும் ஆண்டு முழுதும் கரையைக் காணும் வாய்ப்பு குடியிருப்போர்க்கே உண்டு.

கரைப்பறவைகளை இனங்காணுதல் அரிய கலையன்று. முதலில் அலகை நோக்க வேண்டும். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு கோட்டானுக்கு உரியது. சேற்றின் ஆழத்திலுள்ள நண்டையும் புழுவையும் அது பற்றி இழுக்கும். குட்டையான அலகுடைய உப்புக்கொத்தி, சிறிது ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். செந்நிறக் கால் பவளக்கால் உள்ளானைக் காட்டிக் கொடுக்கும். கூழாங்கல்லைப் புரட்டி இரை தேடுவது கல்திருப்பி உள்ளான். அலகின் நீளம் வேறுபடுவதால் ஒரே சேற்றில் பலவினமும் பகையின்றி உண்கின்றன.

இவற்றுட் பெரும்பாலன வலசை வருவன. பொன்னிற உப்புக்கொத்தி சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருகின்றது. உள்ளான் குடும்பத்தின் ஆற்றல் இன்னும் வியப்பானது. 2022-இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை, ஏறத்தாழ 13,500 கிலோமீட்டரைப் பதினொரு நாளில் இறங்காமலே பறந்து கடந்தது. வந்து செல்வன ஒருபுறமிருக்க, கடற்கரைக் கண்கிலேடி இங்கேயே நிலைத்து வாழ்வது. பெரிய கண்ணும் தடித்த அலகும் உடைய அது, அலை எட்டாத மணலில் ஒரே ஒரு முட்டை இடும். காலடி ஒன்று தவறினால் அம்முட்டை இல்லை.

26-12-2004 அன்று நேர்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நாம் மறக்கவொண்ணாதவை. தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியில் நெல் விளைந்த வயல்களுள் உவர்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. உழுதவர் நிலம் இழந்தார். சேறு விரும்பும் பறவைகள் அங்கே கூட்டமாக இறங்கின. ஒருவர் கண்ணீர் மற்றொன்றின் இரையாயிற்று என்று வருந்துவதா, இயற்கை தன் கணக்கைத் திருத்திக்கொண்டது என்று தேறுவதா? இரண்டும் உண்மையே. அந்நிலத்தின் முழு வரலாற்றை எழுதுவோன் உழவரையும் கேட்க வேண்டும். பறவையையும் எண்ண வேண்டும்.

நம்மவருட் சிலர் சென்னையிலிருந்து கப்பலில் வந்தனர். சிலர் இலங்கைத் தோட்டங்களை விட்டுக் கச்சால் தீவின் இரப்பர்க் காட்டிற்கு வந்தனர். கடல் கடந்து வந்து, ஒதுங்க ஓர் இடம் தேடுவது இன்னதென்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வீடும் சாலையும் பெருகும் இந்நாளில், பயனற்றதெனக் கருதிச் சேற்று நிலத்தை மண்ணிட்டு நிரப்பிவிட்டால், அங்கு என்ன இருந்தது என்று கூறவும் ஆளிராது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நிகழ்ந்து வருகின்றது. நம் பிள்ளைகள் அதில் பங்கு கொள்ளட்டும். தாழ்நீர் வேளையில் கரைக்குச் சென்று, நாள், இடம், பறவையின் தமிழ்ப்பெயர், எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஓர் ஏட்டில் குறிக்கட்டும். அக்குறிப்புகளைச் சங்க மலர்கள் அச்சிடட்டும். நெய்தலைப் பாடிய மரபினர்க்கு இது புதிய பணியன்று. விட்டுப்போன பழைய பணியே.