டொமினிக்கா: புயலுக்குப் பிறகு கப்பல் வருமா?

கரீபியன் பக்கம் சொகுசுக் கப்பலில் போக டிக்கெட் போட்டவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நம்ம கப்பல் நிற்கிற தீவுல புயல் அடிச்சுதாமே, சேதம் எப்படி? போகலாமா?" நியாயமான கேள்விதான், காசு கொடுத்திருக்காங்க. ஆனால் அதே வாரத்தில் தீவுக்காரர்கள் கேட்பது வேறு. "கப்பல் வருமா?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை இருக்கு. இன்றைக்கு அதை டொமினிக்கா என்ற ஒரே ஒரு தீவை வைத்துச் சொல்கிறேன்.

டொமினிக்கன் குடியரசோடு இதைக் குழப்பிக்க வேண்டாம். அது பெரிய நாடு, ஸ்பானிஷ் பேசுவது. இது 750 சதுர கிலோமீட்டர், சுமார் 70,000 பேர், ஆங்கிலமும் பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழியும். முழுக்க எரிமலை, காடு, ஆறு. 1493 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை கொலம்பஸ் கண்ணில் பட்டதால் அந்தக் கிழமையின் பெயரையே தீவுக்கு வைத்துவிட்டார். அங்கே ஏற்கெனவே இருந்த கலினாகோ மக்கள் வைத்த பெயர் வாய்டுகுபுலி, 'அவள் உடல் உயரமானது' என்று அர்த்தம். எந்தப் பெயர் பொருத்தம்னு நீங்களே பார்த்துக்கோங்க.

பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தத் தீவு எலுமிச்சையில் பிழைத்தது. 'ரோஸ்' எலுமிச்சைச் சாறு என்று ஒன்று உண்டு இல்லையா, அந்தக் கம்பெனிக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. மரங்களுக்கு நோய் வந்தது. கூடவே புயல்கள், குறிப்பாக 1930 புயல். எலுமிச்சை மரம் விழுந்தால் மறுபடி காய்க்கப் பல வருஷம் ஆகும். சிறு விவசாயி அதுவரைக்கும் எதைச் சாப்பிடுவார்?

அங்கேதான் வாழை வருகிறது. வாழை புயலுக்கு நிற்காது, அது எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் பலமான காற்று போதும், தோப்பே படுத்துவிடும். ஆனாலும் புயல் தீவுக்கு வாழைதான் சரியான பயிர். ஏன்னா கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பி ஒன்பது, பத்து மாசத்தில் தார் போட்டுவிடும். 1950களிலிருந்து கீஸ்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கப்பல்கள் முறையாக வந்து வாழையை வாங்கிப் போயின. பிரிட்டன் சந்தையில் இந்தத் தீவுகளுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். தோப்பு விழுந்தாலும் அடுத்த வருஷம் கப்பல் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1978 நவம்பர் 3, கொலம்பஸ் பார்த்த அதே தேதியில், டொமினிக்கா சுதந்திரம் பெற்றது. பத்து மாசம்கூட ஆகவில்லை, 1979 ஆகஸ்ட் 29 அன்று டேவிட் புயல் அடித்தது. ஏற்கெனவே அரசியல் கலவரம், முதல் பிரதமர் பேட்ரிக் ஜான் ஜூன் மாதமே பதவி இழந்திருந்தார், நாட்டில் இருந்தது ஓர் இடைக்கால அரசு. புயல் பார்படோஸ் பக்கம் போகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது திரும்பியது. மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேர் வீடு இழந்தார்கள்.

தலைநகர் ரோசோவின் தாவரவியல் பூங்காவில் ஒரு பாவோபாப் மரம், நம்ம பக்கம் ஆனைப்புளி, பெருக்கமரம் என்கிறோமே அதுதான், சாய்ந்து ஒரு பள்ளிப் பேருந்தை அப்படியே நசுக்கியது. நல்லவேளை உள்ளே யாரும் இல்லை. பேருந்தை எடுக்கவே இல்லை. விழுந்த மரமும் சாகவில்லை, துளிர்த்து மறுபடி வளர்ந்தது. இன்றைக்குக் கப்பலில் வரும் பயணிகள் போட்டோ எடுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. தன் அழிவையே காட்சிப்பொருளாக வைத்திருக்கும் ஊர் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருகிறவருக்கு இங்கே என்ன நடக்கும் என்பதை அதைவிட நேர்மையாக எந்தச் சுற்றுலாப் பிரசுரமும் சொல்லாது.

வாழையை முடித்தது புயல் இல்லை. உலக வர்த்தக அமைப்பு. மத்திய, தென் அமெரிக்கத் தோட்டங்களின் வாழையோடு ஐரோப்பியச் சந்தையில் சமமாகப் போட்டியிடச் சொல்லி அமெரிக்காவும் சில நாடுகளும் வழக்குப் போட, 1997இல் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராகப் போனது. மலைச்சரிவில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் எப்படிப் போட்டி போடுவார்? அந்த இடத்தை நிரப்பத்தான் சுற்றுலா, சொகுசுக் கப்பல். ரோசோ கடற்கரையில் கப்பல்துறை ஊரை ஒட்டியே இருக்கு. கப்பல் வந்து நின்றால் ஊரிலேயே உயரமான கட்டடம் அதுதான் என்று தோன்றும்.

இந்தத் துறை இருப்பது மேற்குக் கரையில். பக்கத்துத் தீவுகளிலும் முக்கியமான துறைகள் பெரும்பாலும் மேற்கேதான், காரணம் காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்து வீசுகிறது, மலைக்குப் பின்னால் கடல் அமைதி. ஆனால் 1999 நவம்பரில் லெனி என்ற புயல் தலைகீழாக மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. பாதுகாப்பு என்று நம்பிய பக்கத்திலேயே அலை ஏறியது.

பிறகு 2017 செப்டம்பர் 18 இரவு, ஐந்தாம் வகைப் புயலாக மரியா. பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தன் வீட்டுக் கூரை போய்விட்டதை ஃபேஸ்புக்கில்தான் உலகத்துக்குச் சொன்னார். விடிந்தபோது பச்சை மலை பழுப்பாக இருந்தது, மரங்களில் இலையே இல்லை. சேதமும் இழப்பும் சேர்த்து நாட்டின் ஒரு வருட உற்பத்தியில் 226 சதவீதம். அதாவது நாடு முழுக்க இரண்டே கால் வருஷம் உழைத்தாலும் ஈடாகாது.

கப்பல்கள் வேறு துறைகளுக்குத் திரும்பின. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எந்தத் துறையையும் தவிர்க்கலாம் என்று டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். வாழைக் கப்பலுக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். கீஸ்ட் கப்பலுக்குச் சரக்கு வேண்டும், அந்தச் சரக்கு இங்கே இருந்தது. சொகுசுக் கப்பலுக்குத் தேவை ஏதாவது ஒரு தீவு. அந்த சீசனில் கைவினைப் பொருள் விற்பவர், வேன் ஓட்டுபவர், அருவிக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி எல்லோரும் கூரையையும் இழந்து வருமானத்தையும் இழந்தார்கள்.

ரோஸ் பல்கலைக்கழகம் (எலுமிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) என்ற அமெரிக்க மருத்துவக் கல்லூரி 1970களின் கடைசியிலிருந்து இங்கே இருந்தது. மரியாவுக்குப் பிறகு கொஞ்ச காலம் செயின்ட் கிட்ஸில் நிறுத்திய ஒரு கப்பலில் வகுப்பு நடத்தினார்கள். கடைசியில் பார்படோஸுக்கே போய்விட்டார்கள். வாடகைக்கு வீடு விட்டவர்கள், மாணவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்க.

சொகுசுக் கப்பல்கள் படிப்படியாகத் திரும்பி வந்தன. ஆகவே "போகலாமா?" என்றால், தாராளமாகப் போகலாம், இறங்கிச் சந்தையில் ஏதாவது வாங்குங்கள். ஆனால் மரியாவுக்குப் பிறகு வீடுகள் கட்ட வந்த பணத்தில் பெரும்பங்கு கப்பலிலிருந்து வந்ததில்லை. குடியுரிமை விற்ற பணம். 1993இலிருந்தே டொமினிக்கா பாஸ்போர்ட்டை விலைக்குத் தருகிறது. இப்போது வெஸ்லி பக்கம் பெரிய விமான நிலையம் எழும்புவதும் அதே பணத்தில்தான். எலுமிச்சை, வாழை, கப்பல், அடுத்து பாஸ்போர்ட். இதையும் வாங்க வெளியூர் ஆள் வேண்டும், அவருக்கு மனம் மாறினால்? அந்தக் கதைக்குத் தனி எபிசோடு வேண்டும்.