பாலாற்று மணலும் துருவப் பனியும்: ஓரிக்கையிலிருந்து ஒரு கடல்மட்டக் கணக்கு

கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் உள்ள பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 65 மீட்டர் உயரும். காஞ்சிபுரமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கக்கூடிய அந்தக் கடைசிக் கட்டத்திலும் நகரின் தெற்கே பாலாற்றங்கரையில் உள்ள ஓரிக்கை தலைக்குமேல் நீரைக் காணாது. கடல்மட்ட உயர்வு பற்றிய நம் எழுத்தில் பெரும்பகுதி, கடலோர வரைபடத்தில் எவ்வளவு தூரம் நீலம் தீட்டலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. அதனால் உள்நாட்டு ஊர்களுக்கு இதில் வேலையில்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. தமிழகத்தின் வடகடலோரத்தை இந்த நூற்றாண்டில் காப்பதற்கான வேலையில் பெரும்பங்கு ஓரிக்கை போன்ற ஊர்களின் ஆற்றுப்படுகையில் நடந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பனியின் கணக்கு. மிதக்கும் கடற்பனி உருகுவதால் மட்டம் உயர்வதில்லை என்றே சொல்லிவிடலாம். நிலத்தின்மேல் கிடக்கும் பனி கடலை வந்து சேர்வதுதான் கணக்கில் ஏறும். செயற்கைக்கோள் அளவீடுகளின்படி 1992 முதல் 2020 வரை இரு பெரும் பனிவிரிப்புகளும் சேர்ந்து சுமார் 7.5 லட்சம் கோடி டன் பனியை இழந்தன. கடல்மட்டத்தில் அதன் பங்கு 21 மில்லிமீட்டர். வெப்பத்தால் கடல்நீர் விரிவதும் மலைப் பனியாறுகள் கரைவதும் தனி. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021ஆம் ஆண்டு அறிக்கை 1901–2018 காலத்தின் மொத்த உயர்வை 20 செ.மீ. என்கிறது. 1901–1971இல் ஆண்டுக்கு 1.3 மி.மீ. ஆக இருந்த வேகம், 2006–2018இல் 3.7 மி.மீ. ஆகிவிட்டது.

உருகிய நீர் உலகெங்கும் சமமாகப் பரவுவதில்லை. பெரும் பனிவிரிப்பு தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையும்போது அந்தப் பிடி தளர்ந்து அருகிலுள்ள கடல் தாழ்கிறது, தொலைவிலுள்ள கடல் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக உயர்கிறது. நாம் இரு துருவங்களுக்கும் தொலைவில் இருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான ஓர் எண்ணும் அடிக்கடி மேற்கோளாகிறது. நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விடைகளில், கடல்மட்டத்தை அளக்கும் சென்னைத் துறைமுக ஓதமானியின் நீண்டகாலச் சராசரி உயர்வு ஆண்டுக்கு 0.33 மி.மீ. மட்டுமே. இதைக் காட்டி, அச்சம் மிகை என்று வாதிடுவோர் உண்டு. ஓதமானி தான் நிற்கும் நிலத்தை ஒப்பிட்டே கடலை அளக்கிறது. நிலம் அசைந்தால் எண்ணும் அசையும். நீண்ட சராசரி அண்மைக்கால வேகத்தையும் மறைத்துவிடும். வட இந்தியப் பெருங்கடல் 1993–2017இல் ஆண்டுக்கு 3.3 மி.மீ. உயர்ந்ததாகப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. ஆயினும் சென்னையின் அந்தச் சிறிய எண்ணை நான் தள்ளிவிடப் போவதில்லை. அது என் வாதத்துக்கு உதவும் சான்று.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் 1960களின் இறுதியில் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. வரை நிலத்தடியில் பரவியிருந்த உப்புநீர், 1980களின் இறுதிக்குள் சுமார் 9 கி.மீ. உள்ளே வந்துவிட்டது. அந்த இருபது ஆண்டுகளில் கடல் எவ்வளவு உயர்ந்திருக்கும்? ஓதமானியின் எண்ணைக் கொண்டால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. உலகச் சராசரியைக் கொண்டாலும் நான்கைந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. உப்பை உள்ளே இழுத்தவை நகரக் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் வயலுக்கும் இரவு பகலாக ஓடிய மோட்டார்கள். பாலாறு ஒரு காலத்தில் வடக்கே இன்றைய கொசத்தலையாற்றின் தடத்தில் ஓடியதாகக் கருதப்படுகிறது. ஆக, மீஞ்சூரின் மணலடுக்கைப் பழைய பாலாற்றின் சொத்து என்றும் சொல்லலாம். அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. நன்னீரை இறைத்துத் தீர்த்து, பிறகு கடலிடமே மின்சாரம் செலவழித்து அதை வாங்குகிறோம்.

இதன் இயற்பியல் எளிது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. அதனால் கடலோர மணலடுக்கில் நன்னீர், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கொள்கையளவில் கீழே 40 மீட்டர் வரை உப்பை அழுத்தி வைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபனும், அவரைச் சாராமல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் கண்ட விகிதம் இது. நிலத்தடி நீர் ஒரு மீட்டர் இறங்கினால் 40 மீட்டர் நன்னீர் போயிற்று. பாறைமேல் படிந்த பாலாற்று மணலுக்கு அத்தனை ஆழமே கிடையாது. மாசு வெளியீடு மிக அதிகமான பாதையில்கூட 2100க்குள் கடல் 63 முதல் 101 செ.மீ. உயரலாம் என்கிறது ஐபிசிசி. அதே அளவு நீர்மட்டத்தை ஒரு கோடையில் பம்ப்செட்டுகள் இறக்கிவிடும். பெர்குசனும் கிளீசனும் 2012இல் வெளியிட்ட ஆய்வும், பெரும்பாலான கடலோர நீரடுக்குகளில் கடல் உயர்வைவிட நீர் எடுப்பே பெரிய அபாயம் என்று முடிவு கட்டியது.

இப்போது ஓரிக்கை. காஞ்சிபுரத்தின் குடிநீர் ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் உள்ள பாலாற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து வருகிறது. கண்ணுக்கு வறண்டு கிடக்கும் பாலாறு உண்மையில் மணலுக்குள் ஒளிந்த நீர்த்தேக்கம். பருமணலின் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வடித்தெடுக்கக்கூடிய நீர். படுகையில் வாய்க்கால் வெட்டி அந்த ஊற்றைக் கரையேற்றிய ஊற்றுக்கால்வாய்கள்தாம் இப்பகுதி ஏரிகளை நிறைத்தன. மணலை அள்ளினால் தேக்கத்தையே அள்ளுகிறோம்: படுகை தாழ்கிறது, களிமண் வெளிப்படுகிறது, வெள்ளம் வந்தாலும் ஊறாமல் ஓடிவிடுகிறது. 2021 நவம்பரில் இருகரை நிறைந்து ஓடிய பாலாறு கடலில் கொட்டிய நீரில் எத்தனை பங்கை அந்த மணல் பிடித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஓரிக்கைக் கிணற்றில் கடல் உப்பு ஏறப்போவதில்லை. வரப்போவது போட்டி. சென்னைப் புறநகரில் உள்ள தாம்பரம், பல்லாவரம் பகுதிகள் ஏற்கெனவே பாலாற்று நீரைக் குடிக்கின்றன. கீழ்ப்பகுதிக் கிணறுகள் உவர்க்க உவர்க்க, நீர் தேடும் குழாய்கள் மேல்நோக்கி நகரும். காஞ்சியின் சாயப்பட்டறைக்கு நல்ல நீர் வேண்டும். கடின நீரில் பட்டு நூலுக்குச் சாயம் சீராகப் பிடிக்காது.

மணலின் இரண்டாவது பணி நீரைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. பாலாறு வயலூர் அருகே கடலில் கலக்கிறது. இக்கரையோரம் அலைகள் நகர்த்தும் மணலின் நிகர ஓட்டம் வடக்கு நோக்கியது. முகத்துவாரத்துக்கு வடக்கே கல்பாக்கம், அடுத்து மாமல்லபுரம். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராஜசிம்மன்தான் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். அந்தக் கோயிலின் முன்னுள்ள கடற்கரைக்குத் தீனி போடும் ஊற்றுகளில் பாலாற்று மணலும் ஒன்று. தமிழகக் கடற்கரையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகத் தேசியக் கடலோர ஆய்வு மையம் கணித்திருக்கிறது. நாம் அங்கே கருங்கல் கொட்டுகிறோம். கல் கொட்டிய இடம் நின்று, அடுத்த குப்பம் அரிகிறது. கடல் உயரும்போது தானாக மேலேறிக்கொள்ளும் தடுப்பு மணற்கரை ஒன்றுதான், அதற்கு மணல் வந்துகொண்டிருந்தால்.

என் வாதத்துக்குள்ளேயே ஒரு முரண் உண்டு. காஞ்சியின் வேகவதி ஆற்று வெள்ளத்தைத் திருவெஃகாவில் பெருமாள் குறுக்கே கிடந்து தடுத்ததாகக் காஞ்சியின் தலவரலாறு சொல்லும். இன்று வயலூரில் பாலாற்றின் குறுக்கே கிடப்பது ஒரு தடுப்பணை. அது நன்னீரைத் தேக்கி உப்பை வெளியே நிறுத்துகிறது, ஆனால் கூடவே மணலையும் நிறுத்துகிறது. ஆகவே தடுப்பணைகளை ஒரேயடியாக வாழ்த்துவதற்கில்லை. வெள்ளக் காலத்தில் அடிமடை திறந்து மணலை வெளியேற்றும் அமைப்பு இருந்தாலன்றி, நிலத்தடி நீருக்குச் செய்த நன்மையைக் கடற்கரையிடமிருந்து கழித்துக்கொள்ள நேரும்.

மேற்கு அண்டார்க்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு ஒன்றே முழுதும் சரிந்தால் கடல் 65 செ.மீ. உயரும், 2100க்குள் இரண்டு மீட்டரை நெருங்கும் வாய்ப்பையும் ஐபிசிசி முற்றாக மறுக்கவில்லை. அப்படி நேர்ந்தால் பாலாற்று மணல் போதாது என்ற மறுப்பு நியாயமானது. கரிம வெளியீட்டைக் குறைப்பதற்கு மாற்றாக எதையும் நான் முன்வைக்கவில்லை. ஆனால் அத்தகைய பனியாறுகளின் முன் கடலடியில் திரை கட்டலாம் என்று ஆராயும் உலகில், ஒரு மாவட்டம் தன் மணல் குவாரியை மூடுவது கைக்கெட்டாத யோசனை ஆகாது.

தடை நிர்வாகத்தில் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், கோடையில் உப்புச் செறிவு ஆயிரத்தில் ஐந்து பங்கு உள்ள இடம் வரையில்தான் ஆற்றைக் கடலோரமாகக் கருதுகின்றன. அந்தச் சட்டத்துக்கு உப்பு தெரியும், மணல் தெரியாது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. படுகை மணலுக்கு அனுமதி தருவது ஒரு மாவட்டம், கரை அரிந்து வீடு இழப்பது இன்னொன்று. கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் உள்ளடக்கிய பாலாற்று நீர்ப் பங்கீட்டுப் பேச்சு எப்போது முடியுமோ தெரியாது. அதுவரை, காஞ்சிபுரம் மாவட்டப் படுகையில் எந்தக் குவாரி அனுமதிக் கோப்பும் செங்கல்பட்டு ஆட்சியரின் எழுத்துப்பூர்வ இசைவும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் மணல்வரவுக் கணக்கும் இல்லாமல் நகரக் கூடாது என்று மாநில அரசே விதி செய்யலாம். அதற்கு எந்த அண்டை மாநிலத்தின் ஒப்புதலும் தேவையில்லை.