சமையல் மேடைக்குக் கல் வந்த கதை

பழைய சமையலறையை இடித்து மாற்றிக் கட்டும் வீடுகளில் கட்டாயம் ஒரு சண்டை வரும். மேடைக்கு என்ன கல் போடுவது? அப்பா சதுர அடி விலையைக் கேட்பார். அம்மா "மஞ்சள் கறை போகுமா?" என்பார். மகள் போனில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டுவாள். மேஸ்திரி மட்டும் எதையும் பார்க்காமல் "பேசாம கருப்பு கிரானைட் போடுங்க சார், பிரச்சினையே வராது" என்பார். இந்த நாலு பேச்சுக்கும் பின்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது.

முதலில் மேடையைப் பற்றி. நம் பாட்டிமார் காலத்துச் சமையலறையில் மேடையே கிடையாது. அடுப்பு தரையில், அம்மி தரையில், ஆட்டுக்கல் தரையில், அரிவாள்மனையும் தரையில்தான். கல் இருந்தது, ஆனால் அரைக்கும் கருவியாகத்தான் இருந்தது. ஐரோப்பாவில் நின்றபடி வேலை செய்யும் சமையலறைக்கு ஒரு முன்மாதிரி 1926லேயே வந்துவிட்டது. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது அது. நம்மூரில் இதைச் செய்தது கட்டடக் கலைஞர் இல்லை, கேஸ் சிலிண்டர்! 1965ல் கொல்கத்தாவில் இண்டேன் இணைப்பு தொடங்கியது. பிறகு மெல்ல மெல்ல ஊர் ஊராக வந்தது. அடுப்பு எப்போதும் சிலிண்டரை விட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அப்படியானால் அடுப்புக்கு ஒரு திட்டு வேண்டும். திட்டுக்கு மேலே போட தண்ணீருக்கும் சூட்டுக்கும் அசையாத ஒரு பலகை வேண்டும்.

அந்த இடத்துக்கு வந்ததுதான் கடப்பா கல். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்துக் கல் இது. பாளம் பாளமாகப் படிந்த பாறை என்பதால் அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். பெரிய மெஷின் தேவையில்லை, அதனால் விலை மலிவு. ஒரே ஒரு குறை, அது சுண்ணாம்புக் கல் வகை. சுண்ணாம்புக்கும் புளிப்புக்கும் ஆகாது. எலுமிச்சை பிழிந்த இடத்திலும் புளி கரைத்த பாத்திரம் வைத்த இடத்திலும் பாலிஷ் போய் வெளுத்த வட்டங்கள் விழும். புளி இல்லாமல் ஒரு வேளைச் சமையல் ஏது நமக்கு? மார்பிளும் இதே குணம்தான். மக்ரானா மார்பிளாக இருந்தாலும் ரசத்தின் முன்னால் ஒன்றும் செய்ய முடியாது. கடப்பா மேடையிலிருந்து இறங்கி இப்போது அலமாரித் தட்டுகளிலும் பரணிலும் பிழைத்துக் கொண்டிருக்கிறது.

அடுத்தது கிரானைட். தஞ்சைப் பெரிய கோயில் 1010ல் முடிந்தது, அதுவே கிரானைட்தான். ஆயிரம் வருடமாக இந்தக் கல்லோடு பழகிய ஊரில், சமையலறைக்குள் வர அதற்கு ஏன் இவ்வளவு நாள்? காரணம் கடினம். மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக் கல்லின் கால்சைட் 3, எஃகுக் கத்தி சுமார் ஐந்தரை, கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7. உளியால் தூண் செதுக்கலாம், ஆனால் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் எட்டடி நீளப் பலகை எடுக்க முடியாது. அதற்கு வரிசை வரிசையாக வாள் பொருத்திய மெஷினும் வைரப்பொடி பதித்த வட்ட வாளும் வேண்டும். அந்த மெஷின்களை இங்கே வரவழைத்தது நம் வீட்டு மேடை இல்லை, ஏற்றுமதி. தமிழ்நாட்டின் கருப்புக் கல்லுக்கு ஜப்பானில் கல்லறைக் கல்லாக நல்ல மதிப்பு இருந்தது. (அங்கே கல்லறையில் இருப்பது இங்கே தோசை மேடையில்!)

பணம் வரும் இடத்தில் அரசாங்கம் வராமல் இருக்குமா? 1977 டிசம்பரில் தமிழக அரசு கனிம விதிகளில் 8-சி என்ற பிரிவைச் சேர்த்தது. கருப்பு கிரானைட் குவாரி இனி தனியாருக்குக் குத்தகை இல்லை, அரசுக்கும் அரசு நிறுவனத்துக்கும் மட்டும் என்றது அது. 1978ல் டாமின் நிறுவனம் பிறந்தது. குவாரிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஹிந்த் ஸ்டோன் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது இதுதான். 1981ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. மண்ணுக்கு அடியில் உள்ள கனிமத்தைக் குத்தகைக்குப் பெறுவது யாருக்கும் உள்ள உரிமை அல்ல என்பது அதன் சாரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கருப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி புவியியல் கணக்கில் கிரானைட்டே இல்லை, டோலரைட், காப்ரோ போன்ற வேறு பாறைகள். "காஷ்மீர் ஒயிட்" காஷ்மீரிலிருந்து வருவதில்லை, மதுரைப் பக்கத்துக் கல். மதுரை ஒயிட் என்றால் வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டானோ என்னவோ, பெயரிலேயே பனி பெய்ய வைத்துவிட்டார்கள் :-)

அந்த மதுரைதான் 2012ல் செய்தியில் அடிபட்டது. மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், மேலூர் வட்டார குவாரிகளில் நடந்த முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அவர் மாற்றப்பட்டார். பின்னர் 2014ல் சென்னை உயர் நீதிமன்றமே அவரை விசாரணை ஆணையராக நியமித்தது. 2015ல் அவர் கொடுத்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் கல் கழிவுக்குள் புதைந்தது பற்றியும் அப்போது நிறையப் பேசப்பட்டது. ஷோரூமில் சதுர அடிக்குச் சொல்லும் விலையில் கண்மாய்க்கான காசு சேராது. வணிகவியல் பாடத்தில் "புறச் செலவு" என்று ஒரு வரியில் கடந்து போவதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

இனி மகள் காட்டிய வெள்ளைக் கல். குவார்ட்ஸ் என்கிறார்கள். இது மலையில் பிறந்த கல் இல்லை. 1963ல் இத்தாலியில் மார்செல்லோ டொன்செல்லி ப்ரெட்டன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கல் துகளில் பிசினைக் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதிரவைத்து அழுத்திப் பலகையாக்கும் முறை அங்கிருந்துதான் உலகெங்கும் போனது. 1987ல் இஸ்ரேலின் ஸ்டோட் யாம் கிப்புட்ஸில் சீசர்ஸ்டோன் தொடங்கியது. 1990ல் ஸ்பெயினிலிருந்து சைல்ஸ்டோன் வந்தது. எடையில் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ், மீதி பிசினும் நிறமியும். எண்ணெய் இறங்காது, புளி தொடாது, கேட்ட நிறத்தில் கிடைக்கும், ஒரு பலகை மாதிரியே அடுத்த பலகையும் இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே வைத்தால்தான் பிசின் நிறம் மாறும். கடைக்காரர் இவ்வளவும் சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாதது வெட்டும் பட்டறையில் இருக்கிறது. குவார்ட்ஸ் என்பது படிக சிலிகா. கிரானைட்டில் அது பொதுவாகப் பாதிக்கும் குறைவு, மார்பிளில் மிகச் சொற்பம், இந்தச் செயற்கைக் கல்லில் தொண்ணூறுக்கு மேல். உலர்வாக வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத தூசு நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும், தங்கிய இடம் தழும்பாக இறுகும். இதுதான் சிலிகோசிஸ். கல் தச்சர்களின் நெஞ்சு நோயைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700லேயே எழுதியிருக்கிறார். ஆனால் பழைய சிலிகோசிஸ் இருபது முப்பது வருடம் தூசு தின்ற பிறகு வரும். இது சில வருடங்களிலேயே வந்தது.

முதலில் தெரிந்தது, இந்தக் கல் அதிகம் விற்ற இஸ்ரேலில். 1997 முதல் 2010 வரை அங்கே ஒரு மருத்துவமனைக்கு நுரையீரல் மாற்று சிகிச்சைக்கான மதிப்பீட்டுக்கு வந்தவர்களில் 25 பேர் இந்தக் கல்லை வெட்டியவர்கள் என்று 2012ல் "செஸ்ட்" மருத்துவ இதழ் வெளியிட்டது. பிறகு ஸ்பெயின், ஆஸ்திரேலியா. 2023ல் கலிஃபோர்னியாவிலிருந்து 52 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஒருவரைத் தவிர அத்தனை பேரும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பத்துப் பேர் இறந்திருந்தார்கள். 2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய மாநில, மத்திய அமைச்சர்கள் கூடி முடிவெடுத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் வெட்டவும் பொருத்தவும் அங்கே தடை. உலகிலேயே முதல் நாடு. தண்ணீர் ஊற்றி வெட்டினால் போதுமே என்று தொழில்துறை வாதாடியது, எடுபடவில்லை. சின்னச் சின்னப் பட்டறைகளில் விதியை யார் போய்ப் பார்ப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

நம் கதை வேறு திசையில் போனது. 2019ல் அமெரிக்கா சீன குவார்ட்ஸ் பலகைகளுக்குக் கடும் பொருள்குவிப்பு எதிர்ப்பு வரி போட்டது. அந்த இடத்தை நிரப்ப இந்தியப் பலகைகள் கப்பலேறின. உள்ளூர் கடைகளிலும் விலை இறங்கி, கிரானைட் வாங்க வந்தவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு இதை எடுக்கத் தொடங்கினார்கள். 1948ன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் பொதுவாக, மின்சாரத்தோடு பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. மேடை பொருத்த வருவது பெரும்பாலும் மூன்று பேர். ஒரு மேஸ்திரி, இரண்டு பையன்கள், ஒரு கை கட்டர்.

தடைக்குப் பிறகு நிறுவனங்கள் குவார்ட்ஸுக்குப் பதிலாக அரைத்த கண்ணாடியும் ஃபெல்ஸ்பாரும் போட்ட பலகைகளைக் கொண்டு வந்திருக்கின்றன. அவை ஒரு பக்கம் இருக்கட்டும். கருப்பு கிரானைட்டோ வெள்ளை குவார்ட்ஸோ, எது வாங்கினாலும் சிங்க்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை போட்டாக வேண்டும். அதைப் பட்டறையிலேயே தண்ணீர் ஓடும் மெஷினில் வெட்டி வாங்கினால் கூலி கொஞ்சம் கூடும், அளவும் முன்கூட்டியே சரியாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டு வாசலில் பலகையைச் சாய்த்து வைத்து, ஒரு பையன் கட்டரைப் பிடிக்க, இன்னொரு பையன் மூடியில் துளை போட்ட பாட்டிலால் வாளின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கொண்டிருப்பான். பாட்டில் காலியானதும் தண்ணீர் பிடிக்க அவன் உள்ளே போவான். அவன் திரும்பி வரும்வரை கட்டர் நிற்காது, தெருவில் வெள்ளையாகப் புகை எழும்பும். வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக் கொள்வார்கள்.