கரையேறும் வழி: திரிஸ்தான் ட குன்யா தீவின் இருநூறு ஆண்டுகள்

தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் திரிஸ்தான் ட குன்யாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் தொலைவிலேயே நின்றுவிடுகிறார்கள். கேப் டவுன் அங்கிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். விமானத்தளம் இல்லை, கப்பலில் ஏறினால் ஒரு வாரம் போல ஆகும். ஆனால் அங்குள்ள 250க்கும் குறைவானவர்களின் வாழ்வை அந்தப் பெருந்தொலைவை விடக் கடைசிச் சில நூறு மீட்டர்தான் தீர்மானித்து வந்திருக்கிறது. கப்பல் நங்கூரமிடும் ஆழத்துக்கும் கரைக்கும் இடையே உள்ள அலைப்பரப்பை எப்படிக் கடப்பது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த விடையே தீவின் உணவையும் கூலியையும் மின்சாரத்தையும் வகுத்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனை மீட்க யாரும் இத்தீவைத் தளமாக்கிவிடக் கூடாது என்று பிரிட்டன் 1816இல் இங்கே ஒரு காவற்படையை இறக்கியது. மறு ஆண்டே படை திரும்பியது. வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துச் சிப்பாய் மனைவி மக்களோடு தங்கிவிட்டார். சாமுவேல் பர்னெல், ஜான் நான்கிவெல் என்ற இரண்டு கொத்தர்களும் உடன் தங்கினார்கள். 1817 நவம்பரில் இவர்கள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை, சரக்கும் ஆதாயமும் எல்லோருக்கும் சமம், ஒருவருக்கு மேல் ஒருவர் இல்லை என்கிறது. தீவின் முதல் கட்டுமானம் என்று இந்தத் தாளைத்தான் நான் கொள்வேன். வீடுகளும் வேலிகளும் பிறகு வந்தவை. மேய்ச்சல் நிலம் இன்றும் பொதுவில் இருப்பதற்கும், ஒரு குடும்பம் இத்தனை மாடுதான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு இருப்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் கப்பல்கள் தாமாகவே வந்தன. அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் குடிநீருக்கும் உருளைக்கிழங்குக்கும் இறைச்சிக்கும் இங்கே நின்றன. தீவார் படகை வலித்துப் போய்ப் பண்டமாற்றுச் செய்து மாவும் துணியும் மரமும் கொண்டுவந்தார்கள். துறை என்று எதுவும் இல்லை. கரும்மணல் கரையிலிருந்து படகைத் தள்ளுவார்கள், திரும்பியதும் இழுத்து மேலே ஏற்றுவார்கள். திமிங்கில வேட்டை நொடித்ததும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும், பாய்க்கப்பலின் இடத்தை நீராவிக் கப்பல் பிடித்ததும் அந்த வரவை அடைத்துவிட்டன. எப்போதாவது தொடுவானில் தெரியும் ஒரு பாயைத் துரத்திக்கொண்டு ஆழ்கடலுக்கே போகும் நிலை வந்தது. 1885 நவம்பரில் வெஸ்ட் ரைடிங் என்ற கப்பலை எட்டிப் பிடிக்கப் படகேறிய 15 ஆண்கள் திரும்பவில்லை. நூறு பேர் போலிருந்த ஊரில் உழைக்கும் ஆண்களில் மிகப் பெரும்பாலோரை ஒரே நாள் கொண்டுபோயிற்று.

அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டு வறுமையின் காலம். அந்தக் காலத்தைத் தாங்கியவை உருளைக்கிழங்கும் படகும். ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, காற்றைத் தடுக்கக் கருங்கல் சுவர் எழுப்பிய சிறு சிறு பாத்திகளில் கிழங்கு விளைந்தது, இன்றும் விளைகிறது. மரம் கிடைக்காத ஊரில் மெல்லிய மரச்சட்டத்தின் மேல் கித்தான் போர்த்தி, சாயம் பூசி நீண்ட படகு கட்டினார்கள். கனமில்லாத அந்தப் படகைக் கரைக்கு மேலே தூக்கி வைத்துவிடலாம். துறையில்லாத கரைக்கு அதைவிடப் பொருத்தமான கலத்தை யாரும் வகுத்திருக்க முடியாது. அதில்தான் அருகிலுள்ள நைட்டிங்கேல் தீவுக்குப் பறவை முட்டைக்கும் கொழுப்புக்கும் போய்வந்தார்கள்.

1942இல் பிரிட்டிஷ் கடற்படை இங்கே வானிலை, வானொலி நிலையம் ஒன்றை நிறுவியது. வெளியுலகோடு ஒழுங்கான தொடர்பும், காசுக்கு வேலை என்ற பழக்கமும் அதோடு வந்தன. பணம் எவ்வளவு புதிது என்பதற்கு 1946இல் முன்மொழியப்பட்ட அஞ்சல்தலை மாதிரியே சான்று: ஒரு பென்னி என்பதோடு நாலு உருளைக்கிழங்கு என்ற விலையும் அதில் இருந்தது. 1949இல் சிங்கி இறாலுக்கான நிறுவனம் தொடங்கிக் கரையில் ஆலை எழுந்தபோதுதான் தீவு முழு மீனவ ஊராயிற்று.

1961 அக்டோபரில் ஊரை ஒட்டியே எரிமலை வெடித்தது. 264 பேரும் முதலில் நைட்டிங்கேலுக்கும் பிறகு கேப் டவுன் வழியாக இங்கிலாந்துக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். வீடுகள் பெரும்பாலும் தப்பின. நெருப்புக்குழம்பு மூடியது இறால் ஆலையையும், தலைமுறைகளாகப் படகு இறக்கிய கரைகளையும். இங்கிலாந்தில் வேலையும் வீடும் கிடைத்திருந்தும், 1962இல் நடந்த வாக்கெடுப்பில் 148 பேர் திரும்பிப் போகவே விரும்பினார்கள். மறுத்தவர்கள் 5 பேர். 1963இல் பெரும்பாலோர் திரும்பினார்கள். பழைய கரை போய்விட்டதால் புதிதாக ஒன்றைக் கட்டியே ஆகவேண்டியிருந்தது. இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவே 1967இல் திறக்கப்பட்ட அந்தச் சிறு துறைமுகத்துக்கு, இங்கிலாந்தில் தாங்கள் தங்கியிருந்த கால்ஷாட்டின் பெயரையே வைத்தார்கள்.

துறைமுகம் என்று சொன்னாலும் கப்பல் உள்ளே வர இடமில்லை. சரக்குக் கப்பல் வெளியே நிற்கும்; மிதவைகளில் சரக்கை இறக்கிக் கரைக்கு இழுத்துவர வேண்டும். அதற்கு இசையும் நாள்கள் ஆண்டுக்கு அறுபது, எழுபதுதான். மருந்தும் மாவும் தபாலும் நாள்கணக்கில் கண்ணெதிரே மிதந்து கிடப்பது அங்கே சாதாரணம். மீன்பிடிக்கும் அதே கணக்கு. கடல் அடங்கியிருக்கும் விடியலில், தொங்கவிட்டிருக்கும் பழைய எரிவாயு உருளையை அடிப்பார்கள். அந்த ஓசை கேட்டால் அரசு வேலையிலிருப்பவரும் கூடையெடுத்துக் கடலுக்குப் போவார். பிடித்துவரும் இறாலைப் பதப்படுத்த மாலையில் பெண்களும் ஆண்களும் ஆலைக்குப் போவார்கள்.

ஊருக்கு மின்சாரம் தந்ததும் எரிமலைக்குப் பின் மீண்டும் எழுந்த ஆலையின் இயந்திரங்களே. 2008 பிப்ரவரி 13 அன்று ஆலை எரிந்தபோது வருமானமும் விளக்கும் ஒன்றாக அணைந்தன. தற்காலிக இயந்திரங்களால் சமாளித்து, 2009 ஜூலையில் புதிய ஆலையைத் திறந்தார்கள். 2011 மார்ச்சில் ஒலிவா என்ற சரக்குக் கப்பல் நைட்டிங்கேல் பாறையில் மோதி எண்ணெயைக் கொட்டியது. எண்ணெயில் தோய்ந்த பென்குயின்களைத் தீவார் சொந்தக் கைகளால் கழுவிக் காப்பாற்ற உழைத்தார்கள். அந்தப் பகுதி இறால் பிடிப்பும் நிறுத்தப்பட்டது. ஒரே தொழிலில் ஊரே தொங்கும் அமைப்பு எவ்வளவு மெலிந்தது என்பதை மூன்றே ஆண்டுகளில் நடந்த இவ்விரண்டும் காட்டிவிட்டன.

2020 நவம்பரில் தீவைச் சுற்றி ஏறத்தாழ 6,87,000 சதுர கிலோமீட்டர் கடல் காப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் மீன்பிடிக்கத் தடை. எஞ்சிய கரையோரத்தில் தீவாரின் இறால் தொழில் தொடர்கிறது. கடலை வேறொருவருக்கு விற்றுக் காசு பார்க்கும் வழியைத் தாமே அடைத்துக்கொண்ட முடிவு அது, அதன் பயன் உலகம் முழுவதற்கும். பெருமையில் பங்கெடுக்கும் பிரிட்டன் செலவிலும் பங்கெடுக்க வேண்டும். அலை ஒவ்வோர் ஆண்டும் அரித்துக்கொண்டிருக்கும் கால்ஷாட் சுவர்களை ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளாமல், கூடுதல் நாள்கள் இறங்க உதவும் துறையைக் கட்டித் தருவதே அந்தக் கடனைத் தீர்க்கும் நேர்வழி.