கணக்கு எங்கே நடைபெற வேண்டும்?

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்குப் பொங்கலும் தீபாவளியும் நெருங்கும்போது முதலில் எழும் கவலை, ஊர் செல்ல ரயிலில் இடம் கிடைக்குமா என்பதே. அந்த இடத்தைக் கணக்கிட்டு வழங்கிய முறை எவ்வாறு மாறி வந்தது என ஆராய்ந்தால், ‘விளிம்புக் கணிமை’ என்று இன்று அறிஞர் பேசும் கருத்தும் நமக்கு எளிதில் விளங்கும். தொலைவிலுள்ள மையத்தை எதிர்பாராமல், நிகழ்ச்சி நடைபெறும் இடத்துக்கு அருகிலேயே கணக்கை முடித்துக்கொள்வது என்பதே அதன் பொருள்.

கணிப்பொறி வருவதற்கு முன்னர் இருக்கைக் கணக்கு பதிவேடுகளில் எழுதப்பட்டது. தில்லியில் வாழ்பவர் சென்னையிலிருந்து திரும்பி வர இடம் வேண்டினால், தந்தி கொடுத்து மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். வழியிலுள்ள நிலையங்களுக்கு இத்தனை இருக்கைகள் என்று பங்கு பிரித்திருந்தனர். கணக்கு பல இடங்களில் சிதறிக் கிடந்தது. ஆனால் ஓரிடம் அறிந்ததை மற்றோரிடம் உடனே அறிய வழியில்லை.

1985-இல் புதுதில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு முன்னோட்டமாகத் தொடங்கியது. பின்னர் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் அது அமைந்தது. வரிசையில் நிற்கும் நேரம் குறைந்தது உண்மையே. எனினும் ஒவ்வொரு மையமும் தன் வட்டாரத்து வண்டிகளை மட்டுமே அறிந்த தனித் தீவாக இருந்தது.

இக்குறையைப் போக்க, 1986-இல் நிறுவப்பெற்ற ‘கிரிஸ்’ எனும் ரயில்வே தகவல் அமைப்பு, ‘கன்சர்ட்’ என்ற மென்பொருளை உருவாக்கியது. 1994-இல் செகந்திராபாத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த அது, 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களையும் இணைத்தது. அப்போது அனைத்துக் கணக்கையும் தலைநகரில் குவித்துவிடவில்லை என்பது நாம் கருதத்தக்கது. ஒவ்வொரு வண்டியின் கணக்கும் அதற்குரிய மையத்திலேயே நின்றது. எந்த நகரத்துச் சாளரமும் அதனை வலையமைப்பின் வழியே அணுகலாயிற்று. ஒரு வண்டியின் கணக்கு ஓரிடத்திலேயே இருந்தமையால், ஒரே இருக்கை இருவருக்கு விற்கப்படும் குழப்பமும் எழவில்லை. தில்லியிலிருந்தபடியே சென்னை வண்டிக்குச் சீட்டுப் பெறும் வசதி இவ்வாறு வந்தது. 2002-இல் இணையத்தின் வாயிலாகவும் சீட்டு வழங்கத் தொடங்கினர்.

இருக்கைக்குச் சில நொடிகள் காத்திருக்கலாம். உயிர் காக்கும் தடைக்குக் காத்திருக்க இயலுமா? 2012-இல் உருவாக்கம் தொடங்கி, 2020-இல் தேசிய முறையாக ஏற்கப்பட்ட ‘கவச்’ இதற்கு விடை கூறுகிறது. தண்டவாளத்தில் பதித்த சிறு அடையாளப் பட்டைகளும், நிலையத்திலிருந்து வரும் வானொலி அலைகளும் எஞ்சினுக்குச் செய்தி தருகின்றன. ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கவனியாது விட்டாலும், எஞ்சினிலுள்ள கணிப்பொறி தானே கணக்கிட்டு வண்டியை நிறுத்த முற்படுகிறது. தொலைதூர மையத்தின் ஆணையை அது எதிர்பார்ப்பதில்லை.

எனவே மையம் பெரிதா, விளிம்பு பெரிதா என்று வாதிடுவதில் பயனில்லை. பலரும் ஒத்துக்கொள்ள வேண்டிய கணக்கு ஓரிடத்தில் நின்று எல்லோருக்கும் எட்ட வேண்டும். நொடியில் முடிவு காண வேண்டிய கணக்கோ நிகழ்ச்சியின் பக்கத்திலேயே நடைபெற வேண்டும். பழைய பதிவேடுகளும் பரவலாகத்தான் இருந்தன. அவற்றுக்கு இல்லாதது இணைப்பு ஒன்றே. பரவலும் இணைப்பும் கைகோத்தபோதுதான், நெடுந்தொலைவில் வாழும் நமக்கு ஊர் சற்றே அருகில் வந்தது.