ஆட்டிசக் குழந்தைகளும் வகுப்பறையும் – ஒரு சிறு வரலாறு

1938-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரெஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரு தம்பதியர், தங்கள் ஐந்து வயது மகன் டொனால்டை பால்டிமோர் நகரிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே லியோ கானர் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் இருந்தார். பையனைப் பற்றி அப்பா முன்கூட்டியே அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். 33 பக்கங்கள், நெருக்கமாகத் தட்டச்சு செய்தது!

பையன் கூப்பிட்டால் திரும்பமாட்டான். வீட்டுக்கு யார் வந்தாலும் போனாலும் கவலை இல்லை. உருண்டையான எதையும் தரையில் சுழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆனால் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்வான், எண்கள் என்றால் உயிர். இவனையும் சேர்த்து 11 குழந்தைகளைப் பற்றி கானர் 1943-இல் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் என்ற நிலையை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியது. (தமிழில் இதை 'மன இறுக்கம்' என்று எழுதுகிறார்கள். கவலையில் மனம் இறுகிப் போவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.)

இந்தப் பையனுக்கு அதற்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவர்களின் ஆலோசனைப்படி மூன்று வயதிலேயே அவனை வீட்டிலிருந்து பிரித்து ஒரு விடுதியில் சேர்த்திருந்தார்கள். அங்கே அவன் எதிலும் நாட்டமில்லாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பெற்றோர் மனசு கேட்காமல் சுமார் ஒரு வருடத்தில் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள்.

பிறகு 1942-இல் வீட்டிலிருந்து சுமார் 10 மைல் தூரத்தில் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் விட்டார்கள். 1945-இல் கானர் நேரில் போய்ப் பார்த்து அசந்துவிட்டார். அந்தத் தம்பதி உளவியல் படித்தவர்கள் இல்லை. பையனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். சரி, கிணறு வெட்டு, எவ்வளவு ஆழம் வந்தது என்று சொல் என்றார்கள். மக்காச்சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்தான். அப்படியானால் உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கி வந்தான். அவற்றைப் புதைக்க ஒரு மூலையில் இடம் ஒதுக்கினார்கள். பக்கத்திலிருந்த கிராமத்துப் பள்ளியிலும் அவனுடைய விசித்திரங்களை யாரும் பெரிதுபடுத்தவில்லை. படிப்பு நன்றாகவே வந்தது.

விடுதியில் சிலை மாதிரி இருந்தவனும் பண்ணையில் ஏர் ஓட்டியவனும் ஒரே பையன்தான். மாறியது இடம், சுற்றியிருந்த ஆட்கள், அவர்கள் கொடுத்த வேலை. இதை அன்றைக்கே பிடித்துக்கொண்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும். ஆனால் வரலாறு வேறு பக்கம் போனது.

1950-களில் 'குளிர்சாதனப் பெட்டி அம்மா' என்ற கொடுமையான சொல் பரவியது. அம்மாவிடம் பாசம் இல்லை, அதனால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கிப் போனது என்பது அதன் பொருள். (பெற்றோர்களின் 'குளிர்ச்சி' பற்றி எழுதி இதற்கு விதை போட்டவர்களில் கானரும் ஒருவர். அவரே பின்னாளில் பெற்றோர் மீது பழியில்லை என்று சொன்னார்.) இந்தக் கருத்தை ஊரறியச் செய்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்த்தோஜெனிக் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம். நாஜி வதைமுகாம்களில் இருந்து மீண்டவர். முகாமில் கைதிகள் உள்ளுக்குள் செத்துப் போனதைப் பார்த்தவர், ஆட்டிசக் குழந்தையையும் அந்தக் கைதியோடு ஒப்பிட்டார். அப்படியென்றால் காவலாளி யார்? அம்மா! தீர்வு என்ன? அம்மாவிடமிருந்து பிரித்து, குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடுவது. 1967-இல் இதையே புத்தகமாக எழுதி பெரும் புகழ் பெற்றார். 1990-இல் அவர் இறந்த பிறகு, அங்கே படித்த சிலர் அவர் தங்களை அடித்தார் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

அதே சிகாகோவில் முனைவர் பட்டம் படித்தவர் எரிக் ஷாப்ளர். பெட்டல்ஹைம் சொல்வது தவறு என்று அவருக்குத் தோன்றியது. வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, ராபர்ட் ரைக்லர் என்ற மருத்துவரோடு சேர்ந்து பெற்றோரையே ஆசிரியர்களாகப் பழக்கினார். 1971-இல் இவர்கள் வெளியிட்ட ஒரு சோதனை மிகவும் எளிமையானது. ஐந்தே குழந்தைகள். சில நாட்கள் என்ன பொருள், எவ்வளவு நேரம், எப்படி என்பதையெல்லாம் பெரியவர் முடிவு செய்தார். சில நாட்கள் எல்லாமே குழந்தையின் விருப்பம். இப்படி மாற்றி மாற்றிச் செய்தார்கள். ஒழுங்கு இருந்த நாட்களில் குழந்தைகள் கவனித்தார்கள், எதிரில் இருப்பவரோடு உறவாடினார்கள், விசித்திர நடத்தைகள் குறைந்தன. சுதந்திரம் கொடுத்த நாட்களில் அதே குழந்தைகள் பின்வாங்கினார்கள். வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கே இந்த வித்தியாசம் அதிகம் தெரிந்தது.

ஐந்து பேரை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1973-இல் பிரிட்டனில் மைக்கேல் ரட்டரும் லாரன்ஸ் பார்டக்கும் 50 குழந்தைகளை மூன்று விதமான பள்ளிகளில் தொடர்ந்து கவனித்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒன்றில் பாடமே குறைவு, உளவியல் சிகிச்சைதான் முக்கியம். இன்னொன்றில் இரண்டும் கலப்பு. மூன்றாவதில் தெளிவான திட்டத்தோடு பாடம். மூன்றாவது பள்ளியில்தான் படிப்பிலும், செய்கிற வேலையில் ஒன்றி நிற்பதிலும் அதிக முன்னேற்றம். ஆனால் பள்ளியில் கற்றது வீட்டுக்கு அவ்வளவாக வந்து சேரவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இது முக்கியம்.

பிரிட்டனில் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு பெண்மணி பாதை போட்டிருந்தார். சிபில் எல்கர், மாண்டிசோரி பயிற்சி பெற்றவர். 1962-இல் லண்டனில் தன் வீட்டின் கீழ்த்தளத்திலேயே சில ஆட்டிசக் குழந்தைகளுக்கு வகுப்பு ஆரம்பித்தார். பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் 1965-இல் ஈலிங் பகுதியில் பள்ளி திறந்தபோது அவர்தான் பொறுப்பேற்றார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பல குழந்தைகளைப் 'படிக்க வைக்க முடியாதவர்கள்' என்று சட்டப்படியே ஒதுக்கிவைக்கலாம். அந்தச் சட்டம் மாறியது 1970-இல்! அமெரிக்காவும் லேசுப்பட்டதல்ல. 1975-இல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான கல்விச் சட்டம் வந்தபோது, பத்து லட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிகளுக்கு வெளியே இருப்பதாக அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டது. பள்ளியில் இடமே இல்லாதவனுக்கு வகுப்பறை எப்படி இருந்தால் என்ன?

ஷாப்ளரின் திட்டம் 1972-இல் மாநில அரசின் பணத்தோடு 'டீச்' என்ற பெயரில் வட கரோலினா முழுக்கப் பரவியது. அந்த வகுப்பறைக்குள் போனால் முதலில் தெரிவது அலமாரிகள். சுவரோரமாக இல்லாமல் அறையைப் பிரிக்கும் தடுப்புகளாக நிற்கும். இங்கே விளையாட்டு, அங்கே பாடம், அந்த மேசையில் சாப்பாடு. அடுத்து என்ன என்பது படங்களாக வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். செய்ய வேண்டிய வேலை இடது பக்கக் கூடையில், முடித்தது வலது பக்கக் கூடையில். வாயால் சொல்வதைப் பிடித்துக்கொள்ளத் திணறும் குழந்தை, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற பயம் போனால் பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்ப மனசில் இடம் கிடைக்கிறது. செலவுக் கணக்கு பார்த்தாலும் அலமாரியை நகர்த்த எவ்வளவு ஆகிவிடப்போகிறது?

ஆனால் ஒரு குறை. தடுப்புக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும் குழந்தை, மற்றக் குழந்தைகளோடு பழகுவதை எங்கே கற்றுக்கொள்ளும்? சுற்றி இருப்பவர்களும் ஆட்டிசக் குழந்தைகளே என்றால் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்?

இந்தக் கேள்வியைப் பிடித்தவர் ஃபிலிப் ஸ்ட்ரெய்ன். 1980-களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் நகரில் 'லீப்' என்ற மழலையர் பள்ளித் திட்டத்தைத் தொடங்கினார். மூன்று, நான்கு ஆட்டிசக் குழந்தைகள், அவர்களைவிட அதிக எண்ணிக்கையில் மற்றக் குழந்தைகள், எல்லோரும் ஒரே அறையில். சும்மா சேர்த்து உட்கார வைத்தால் எதுவும் நடக்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால் மற்றக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பேர் சொல்லிக் கூப்பிடு, தோளைத் தொடு, பொம்மையை நீட்டு, வாங்கவில்லையா, விடாதே, மறுபடி நீட்டு. நாலு வயசுக் குழந்தைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடிந்தது. பல வருடங்கள் கழித்து 2011-இல் ஸ்ட்ரெய்ன் வெளியிட்ட பெரிய ஆய்வில், முழுப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகளில் குழந்தைகள் அதிகம் முன்னேறினார்கள். வெறும் கையேடு மட்டும் கொடுத்த வகுப்புகளில் அவ்வளவு இல்லை.

டீச் பெரிதா லீப் பெரிதா என்று இரண்டு கட்சிகள் உருவாகின. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு 198 குழந்தைகளையும் 74 ஆசிரியர்களையும் எடுத்துக்கொண்டு, இந்த இரண்டோடு எந்த முத்திரையும் இல்லாத சாதாரண வகுப்புகளையும் ஒப்பிட்டது. ஒப்பிட்ட வகுப்புகள் எல்லாமே தரமாக நடப்பவையாகப் பார்த்துத் தேர்ந்தவை. மூன்று இடங்களிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். பெயர்ப்பலகையால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் இது அவ்வளவு இனித்திருக்காது.

கடைசியாக அந்த மிசிசிப்பிப் பையன். டொனால்ட் டிரிப்லெட் உயர்நிலைப் பள்ளியை முடித்தார், கல்லூரியில் பட்டம் வாங்கினார், சொந்த ஊரிலேயே வங்கி வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், கார் ஓட்டினார், உலகம் சுற்றினார். வசதியான குடும்பம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த 11 பேரில் அரசு மனநல விடுதிகளுக்குப் போனவர்கள் அங்கேயே ஒடுங்கிப் போனதாக 1971-இல் கானரே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். டொனால்ட் 2023-இல் தன் 89-ஆவது வயதில் காலமானார்.

அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. பள்ளி நாட்களில், கட்டடத்தின் முகப்பில் எத்தனை செங்கல் இருக்கிறது சொல் பார்ப்போம் என்று பையன்கள் கேட்டார்களாம். ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே ஓர் எண்ணைச் சொன்னாராம். ஊரே வாய் பிளந்தது. முதுமையில் பத்திரிகையாளர்கள் அதைப் பற்றிக் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டார். எண்ணவே இல்லையாம், வாய்க்கு வந்ததைச் சொன்னாராம். ஏன் என்று கேட்டார்கள். அந்தப் பையன்கள் தன்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம்.